12 புகார்... 3.76 லட்சம் கார்கள்! டெஸ்லா ஸ்டியரிங் விவகாரத்தில் நடந்தது என்ன? விரிவான அலசல்

சிக்னலில் நிற்கிறது கார். பச்சை விழுந்ததும் கிளம்பி, வலது பக்கம் திருப்பப் பார்க்கிறார் ஓட்டுநர். ஸ்டியரிங் அசைய மறுக்கிறது. இரண்டு கையாலும் பலம் கொண்ட மட்டும் இழுத்தால்தான் கொஞ்சம் திரும்புகிறது. ஸ்கிரீனில் ஓர் எச்சரிக்கை மின்னுகிறது. பழைய வண்டி என்றால்கூட பரவாயில்லை, இது புத்தம் புதிய எலெக்ட்ரிக் கார்.

அமெரிக்காவில் 2023 மாடல் டெஸ்லா 'மாடல் 3', 'மாடல் ஒய்' கார்களை வாங்கியவர்கள் சொன்ன புகார்களின் சாரம் ஏறக்குறைய இதுதான்.

இந்த விவகாரத்தை மூன்று எண்களில் சொல்லிவிடலாம். 2023 ஜூலையில் அமெரிக்க அரசு விசாரணையைத் தொடங்கியபோது கையில் இருந்த புகார்கள் வெறும் 12. 2024 பிப்ரவரியில் அது 2,388 ஆனது. 2025 பிப்ரவரியில் டெஸ்லா அதிகாரப்பூர்வமாக ரீகால் அறிவித்தபோது பட்டியலில் இருந்த கார்கள் 3,76,241.

12 பேர் எழுதிப்போட்ட புகார், மூன்றே முக்கால் லட்சம் கார்கள் வரை எப்படிப் போனது? கோளாறு எதில்? சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இதே மாதிரி ஒரு பிரச்னை நம்ம ஊரில் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பவர் ஸ்டியரிங் என்ன செய்கிறது?

முதலில் அடிப்படை. காரின் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரங்கள் திரும்ப வேண்டும். அந்த வேலையை மனிதக் கை மட்டும் செய்தால் ரொம்பவே சிரமம். பழைய அம்பாசிடரை நின்ற இடத்தில் ஒடித்துத் திருப்பியவர்களுக்கு அந்தக் கைவலி தெரியும்.

அந்தச் சுமையைக் குறைக்க வந்ததுதான் பவர் ஸ்டியரிங். இப்போதைய கார்களில் பெரும்பாலும் இருப்பது எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங். நீங்கள் ஸ்டியரிங்கை எவ்வளவு விசையோடு திருப்புகிறீர்கள் என்பதை ஒரு சென்சார் கவனிக்கிறது. அந்தத் தகவல் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகிறது. அதிலுள்ள சர்க்யூட் போர்டு, ஒரு மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. மோட்டார் உங்கள் கையோடு சேர்ந்து தள்ளுகிறது. அதனால்தான் ஒரே விரலில்கூட திருப்ப முடிகிறது.

இந்த மோட்டார் உதவி நின்றுபோனால்? மாடல் 3, மாடல் ஒய் கார்களில் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையில் இரும்புத் தண்டு இணைப்பு அப்படியே இருக்கிறது. அதனால் கார் திரும்பவே திரும்பாது என்றில்லை. ஆனால், முழு பாரமும் உங்கள் தோளுக்கு வந்துவிடும். மாடல் ஒய் சுமார் இரண்டு டன் எடை. அகலமான டயர்கள் வேறு. வண்டி வேகமாக ஓடும்போது இந்த பாரம் குறைவாகத் தெரியும். மெதுவாகப் போகும்போதும், நின்ற இடத்திலிருந்து கிளம்பித் திருப்பும்போதும்தான் கல்லைப் பிடித்துத் திருப்புவது போல இருக்கும்.

வயதானவர்களுக்கும், கை பலம் குறைந்தவர்களுக்கும் 'கொஞ்சம் கஷ்டம்' என்பதற்கும் 'திருப்பவே முடியவில்லை' என்பதற்கும் நடுவில் பெரிய இடைவெளி கிடையாது. புகார்களிலும் இந்த இரண்டு விதமான வார்த்தைகளும் வந்தன. சிலர் பவர் ஸ்டியரிங் போய்விட்டது, திருப்ப அதிக பலம் தேவைப்பட்டது என்றார்கள். சிலரோ, ஸ்டியரிங்கைத் திருப்பவே முடியவில்லை என்றார்கள்.

12 எப்படி 2,388 ஆனது?

அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு, தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். சுருக்கமாக என்ஹெச்டிஎஸ்ஏ. கார் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் இதன் இணையதளத்தில் புகார் எழுதலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் வேண்டாம். புகார் கொடுத்தவரின் சொந்த விவரங்களை நீக்கிவிட்டு, புகாரை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். இந்த அமைப்பின் அதிகாரிகள் அந்தக் குவியலைப் புரட்டி, ஒரே மாதிரியான கோளாறு திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

அப்படி 2023 ஜூலையில் கண்ணில் பட்டவைதான் அந்த 12 புகார்கள். உடனே முதற்கட்ட விசாரணை தொடங்கியது. அப்போது சந்தேக வளையத்தில் இருந்தவை சுமார் 2,80,000 கார்கள்.

விசாரணை தொடங்கிவிட்டால் இன்னொரு கதவும் திறக்கிறது. நிறுவனத்திடம் நேரடியாக வந்த புகார்களையும் அரசு கேட்டு வாங்கலாம். வெளியே தெரிந்தது 12 என்றால், உள்ளே எவ்வளவு இருந்திருக்கும்? எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததில் 2024 பிப்ரவரியில் கணக்கு 2,388-ஐத் தொட்டது. விசாரணை அடுத்த கட்டமான பொறியியல் ஆய்வுக்கு உயர்த்தப்பட்டது. சந்தேகத்துக்குரிய கார்களின் எண்ணிக்கையும் சுமார் 3,34,000 ஆனது.

அந்த அறிக்கையில் சொல்லப்பட்ட சில விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. 50-க்கும் மேற்பட்ட கார்களை வேறு வண்டியில் கட்டி இழுத்துச் செல்ல வேண்டியிருந்ததாகப் புகார்களில் இருந்தது. சில கார்கள் சாலைச் சந்திப்பின் நடுவிலேயே வழிமறித்து நின்றுவிட்டதாகச் சொல்லப்பட்டது. பலர், கோளாறு வருவதற்கு முன்போ பின்போ ஸ்டியரிங் 'கடக் கடக்' என்று பல் மாட்டி மாட்டி விடுவதுபோல இருந்ததாக விவரித்திருந்தார்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் 'என் வண்டியின் ராசி' என்று விட்டுவிடக்கூடிய விஷயம். ஒன்றாகச் சேர்த்து வைத்தபோதுதான் அது ஒரு வடிவம் ஆனது.

கோளாறு எங்கே இருந்தது?

2025 பிப்ரவரியில் அளித்த ரீகால் ஆவணத்தில் டெஸ்லா விளக்கம் தந்தது. ஸ்டியரிங் உதவி மோட்டாரை இயக்கும் சர்க்யூட் போர்டில், மின்னழுத்தம் அளவுக்கு மீறிப் போகும்போது பாகங்கள் தாங்க முடியாத நிலைக்குப் போகக்கூடும் என்பதுதான் அதன் சாரம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கார் ஓடிக்கொண்டிருக்கும்போது போர்டு பாதிக்கப்பட்டால், ஸ்டியரிங் உதவி அப்போதே நிற்காது. ஸ்கிரீனில் எச்சரிக்கை மட்டும் வரும். ஓட்டுபவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால், வண்டி ஒருமுறை நின்று, மறுபடி கிளம்பும்போது உதவி இல்லாமல் போகலாம். சிக்னலில், சந்திப்பில், பார்க்கிங்கில் பிரச்னை தலைகாட்டியதற்குக் காரணம் இதுதான். மோட்டார் உதவி அதிகம் தேவைப்படும் அதே நேரத்தில்தான் அது கைவிடுகிறது.

இந்தக் கோளாறால் விபத்தோ, காயமோ, உயிரிழப்போ ஏற்பட்டதாகத் தங்களுக்குத் தகவல் இல்லை என்று டெஸ்லா அந்த ஆவணத்தில் கூறியது. சரிசெய்யும் வழி, இணையம் வழியாக அனுப்பப்படும் சாஃப்ட்வேர் அப்டேட். ரீகாலுக்குப் பிறகு அரசும் விசாரணையை முடித்துக்கொண்டது.

கதை சுபம்னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க. தேதிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மருந்து முதலில், நோய் அறிவிப்பு பிறகு

ரீகால் பட்டியலில் இருந்தவை '2023.38.4' என்ற சாஃப்ட்வேர் பதிப்புக்கு முந்தைய பதிப்புகளில் ஓடிய கார்கள். டெஸ்லா தனது பதிப்புகளுக்கு ஆண்டையும் வாரத்தையும் வைத்துப் பெயரிடும் பழக்கம் உள்ள நிறுவனம். அதாவது இது 2023-ன் 38-வது வாரத்தைக் குறிக்கும் தொகுப்பு. மருந்தின் மேலேயே தயாரிப்புத் தேதி ஒட்டியிருக்கிறது.

ஆனால், ரீகால் அறிவிப்பு வந்தது 2025 பிப்ரவரியில். அந்த நேரத்தில் பாதிக்கப்பட்ட கார்களில் 99 சதவீதத்துக்கும் மேல் ஏற்கெனவே புதிய சாஃப்ட்வேருக்கு மாறிவிட்டதாக டெஸ்லாவே சொன்னது.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். டெஸ்லா ஆதரவாளர்கள் சொல்வது: "ரீகால் பேப்பர் வர்றதுக்குள்ள கார் சரியாயிடுச்சே, இதைவிட நல்ல சேவை எது?" நியாயமான கேள்விதான். பழைய முறையில் லட்சக்கணக்கான பேர் சர்வீஸ் சென்டர் வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். கடிதம் வந்தும் போகாதவர்கள் ஏராளம் இருப்பார்கள். இங்கே தூங்கி எழுவதற்குள் அப்டேட் முடிந்துவிடுகிறது.

மறுபக்கமும் இருக்கிறது. வீட்டு வாசலில் நின்ற கார், இரவோடு இரவாக ஓர் அப்டேட்டைப் போட்டுக்கொள்கிறது. அது புதுப் பாட்டு ஆப்புக்கான அப்டேட்டா, ஸ்டியரிங் செத்துப்போகாமல் இருப்பதற்கான அப்டேட்டா என்பது உரிமையாளருக்கு எப்படித் தெரியும்? இடைப்பட்ட மாதங்களில் செகண்ட் ஹேண்டில் அந்தக் காரை வாங்கியவருக்கு யார் சொல்வார்கள்?

இன்னொரு முக்கியமான விஷயம். சாஃப்ட்வேர் என்பது நல்ல போர்டு கெடாமல் பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே கெட்டுப்போன போர்டுக்கு உயிர் கொடுக்காது. அதற்குப் பாகத்தையே மாற்றியாக வேண்டும். ஆக, 99 சதவீதம் அப்டேட் ஆகிவிட்டது என்ற கணக்கும், ஸ்டியரிங் கைவிட்டுப் போனவரின் கணக்கும் வேறு வேறு.

'ரீகால்' என்ற வார்த்தை ஏன் முக்கியம்?

டெஸ்லா தலைவர் ஈலான் மஸ்க்குக்கு இந்த வார்த்தையே பிடிக்காது. 2023 பிப்ரவரியில், தானியங்கி ஓட்டுநர் சாஃப்ட்வேர் தொடர்பாக 3,62,758 கார்களுக்கு ரீகால் வந்தபோது, இணையம் வழி அப்டேட்டை 'ரீகால்' என்று அழைப்பது காலத்துக்கு ஒவ்வாதது, தவறானது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

வார்த்தை அளவில் அவர் சொல்வதில் கொஞ்சம் அர்த்தம் இருக்கிறது. 'திரும்பப் பெறுதல்' என்றதும் காரையே கம்பெனி எடுத்துக்கொண்டு போய்விடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நடைமுறையில் பெரும்பாலான ரீகால்களில் கார் எங்கேயும் போவதில்லை.

ஆனால், சட்டத்தில் அந்த ஒரு வார்த்தைக்குள் பல கடமைகள் அடங்கியிருக்கின்றன. பாதுகாப்புக் குறைபாடு இருப்பதாகத் தீர்மானித்த 5 வேலை நாட்களுக்குள் நிறுவனம் அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். வாரன்டி முடிந்திருந்தாலும், 15 ஆண்டுகள் வரையிலான கார்களுக்கு இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். காரின் 17 இலக்க அடையாள எண்ணைப் போட்டுப் பார்த்தால், அந்தக் காருக்கு என்ன ரீகால் நிலுவையில் இருக்கிறது என்பதை யாரும் தெரிந்துகொள்ளலாம்.

சத்தமில்லாமல் அனுப்பப்படும் அப்டேட்டில் இதில் எதுவும் கிடையாது. அது நிறுவனத்தின் நல்லெண்ணம். ரீகால் என்றால் அது உங்கள் உரிமை. சண்டை வார்த்தைக்காக நடப்பதுபோலத் தெரிந்தாலும், உண்மையில் நடப்பது இந்த உரிமைக்காகத்தான்.

இணையத்தில் போல்ட் அனுப்ப முடியாது

டெஸ்லா கார்களில் ஸ்டியரிங் தொடர்பான ரீகால் இது முதல் முறையல்ல. 2018 மார்ச்சில் சுமார் 1,23,000 'மாடல் எஸ்' கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2016 ஏப்ரலுக்கு முன் தயாரான கார்கள் அவை. பனி உறையும் பகுதிகளில் சாலையில் கொட்டப்படும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளால் பவர் ஸ்டியரிங் போல்ட்கள் அரித்துப் போனதுதான் காரணம். அப்போது எந்த அப்டேட்டும் உதவவில்லை. காரைக் கொண்டுவந்து, பழைய போல்ட்டைக் கழற்றி, புதியதை மாட்ட வேண்டியிருந்தது.

2022 நவம்பரில் 40,168 'மாடல் எஸ்', 'மாடல் எக்ஸ்' கார்களுக்கு இன்னொரு ரீகால். கரடுமுரடான சாலையில் போகும்போதோ, பள்ளத்தில் விழுந்து எழுந்த பிறகோ பவர் ஸ்டியரிங் உதவி குறையலாம் அல்லது நின்றுபோகலாம் என்பது பிரச்னை. சாலை தரும் அதிர்ச்சியை கணினி தவறாகப் புரிந்துகொண்டதுதான் இதற்குக் காரணம் என்பதால் சாஃப்ட்வேராலேயே சரிசெய்தார்கள்.

2023 மார்ச்சில் வந்தது எல்லாவற்றிலும் விநோதமான புகார். இரண்டு பேரின் புதிய மாடல் ஒய் கார்களில், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஸ்டியரிங் சக்கரம் கையோடு கழன்று வந்துவிட்டது! அதைத் தண்டோடு பிடித்து வைக்கும் போல்ட்டே இல்லாமல் கார் டெலிவரி ஆகியிருக்கிறது. ஆலையில் ஒருமுறை கழற்றி மாட்டியபோது போல்ட் விடுபட்டிருக்கிறது. அதுவரை வெறும் இறுக்கத்தில் நின்றிருக்கிறது. அந்த இரண்டே புகார்களை வைத்து, சுமார் 1,20,000 கார்கள் மீது என்ஹெச்டிஎஸ்ஏ விசாரணை தொடங்கியது.

2025 செப்டம்பரில் 2021 மாடல் ஒய் கார்களின் வெளிப்புறக் கதவுக் கைப்பிடிகள் மீதும் விசாரணை வந்தது. சிறிய பேட்டரியில் மின்சாரம் குறைந்தால், வெளியிலிருந்து கதவைத் திறக்க முடியாமல் போகிறது என்பது புகார். குழந்தை உள்ளே இருக்க, பெற்றோர் வெளியே தவித்த சம்பவங்களும், கண்ணாடியை உடைக்க வேண்டிவந்த சம்பவங்களும் அதில் இருந்தன. அங்கே புகார்களின் எண்ணிக்கை 9. விசாரணைக்குள் வந்த கார்கள் சுமார் 1,74,000.

2, 9, 12. இவை மிகச் சிறிய எண்கள். கோளாறின் தீவிரம் பெரிதாக இருந்தால், புகார் எண்ணிக்கை பெரிதாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதைத்தான் இவை காட்டுகின்றன.

தப்பு யார் மேல்?

கார் உரிமையாளர்களின் பெரிய மனக்குறை கோளாறு வந்தது மட்டுமில்லை. "நீங்கதான் சரியா ஓட்டலை" என்று சொல்லப்படுவதும்தான்.

2023 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதுபற்றி ஒரு நீண்ட புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. டெஸ்லாவின் உள் ஆவணங்களை ஆராய்ந்து, சஸ்பென்ஷன், ஸ்டியரிங் பாகங்கள் சிலவற்றில் குறைபாடு இருப்பது நிறுவனத்துக்கு முன்பே தெரிந்திருந்தும், உடைந்ததற்கு வாடிக்கையாளரின் பயன்பாட்டைக் காரணம் காட்டிய சம்பவங்கள் நடந்ததாக அந்தக் கட்டுரை கூறியது. பிரிட்டனில் டெலிவரி எடுத்து ஒரு நாள்கூட முழுதாக முடியாத மாடல் ஒய் காரில் முன்பக்க சஸ்பென்ஷன் உடைந்த சம்பவமும் அதில் இருந்தது.

சீனாவில் நடந்தது இன்னும் யோசிக்க வைப்பது. 2020 அக்டோபரில், சஸ்பென்ஷன் பிரச்னைக்காக சுமார் 30,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களுக்குச் சீன அரசின் ஒழுங்குமுறை அமைப்பு ரீகால் அறிவித்தது. ஆனால் அதே நேரத்தில் அமெரிக்க அரசுக்கு எழுதிய கடிதத்தில், பாகத்தில் குறைபாடு இல்லை, சீனாவில் ஓட்டுநர்கள் காரைக் கரடுமுரடாகப் பயன்படுத்தியதுதான் காரணம் என்று டெஸ்லா வாதிட்டது. ஒரு நாட்டில் ரீகால், இன்னொரு நாட்டில் விளக்கக் கடிதம்!

ஒற்றை ஆளாக சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் நிற்கும் உரிமையாளர், "பள்ளத்துல விட்டிருப்பீங்க சார்" என்ற ஒரு வரிக்குப் பதில் சொல்ல முடியாது. அவரிடம் ஒரு கார்தான் இருக்கிறது. நிறுவனத்திடம் ஆயிரக்கணக்கான கார்களின் தகவல் இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யும் ஒரே கருவி, எல்லோரும் பார்க்கும்படி பதிவாகும் புகார்தான்.

எலெக்ட்ரிக் கார் என்பதால்தான் இப்படியா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2024 அக்டோபரில் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 17 லட்சம் கார்களை ஸ்டியரிங் பிரச்னைக்காக ரீகால் செய்தது. ஸ்டியரிங் ஒட்டிப் பிடித்துக்கொள்வதுபோல இறுகுகிறது என்பதுதான் அங்கும் புகார். அந்தப் பட்டியலில் சிவிக் போன்ற பெட்ரோல் கார்கள்தான் முக்கியமானவை. அங்கும் உரிமையாளர்களின் புகாரிலிருந்தே விசாரணை தொடங்கியது.

ஆக, 'எலெக்ட்ரிக் கார்னாலே ஆபத்து' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஒன்று உண்மை. கார்கள் மேலும் மேலும் கம்ப்யூட்டர் ஆகிக்கொண்டிருக்கின்றன. டெஸ்லாவின் சைபர்டிரக்கில் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் தண்டு இணைப்பே கிடையாது, எல்லாம் மின் சிக்னல்தான். அதற்காக மாற்று ஏற்பாடுகளையும் சேர்த்தே வடிவமைக்கிறார்கள். இருந்தாலும், மோட்டார் கைவிட்டால் தோள் பலத்தில் திருப்பலாம் என்ற கடைசி வழி அங்கே இல்லை. அப்படிப்பட்ட காலத்தில், கோளாறு சாஃப்ட்வேரிலா, போர்டிலா, போல்ட்டிலா என்பதை வெளியிலிருந்து கேட்கும் அமைப்பு முன்பைவிட அதிகம் தேவைப்படுகிறது.

சரி, இது எங்கேயோ அமெரிக்காவுல... நமக்கென்ன?

டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் முதல் ஷோரூமைத் திறந்து இந்தியாவுக்குள் வந்துவிட்டது. இங்கே விற்பனையைத் தொடங்கிய மாடல் ஒய்யின் ஆரம்ப விலை சுமார் 60 லட்சம் ரூபாய். மேலே சொன்ன 3.76 லட்சம் கார் ரீகால் 2023-ம் ஆண்டு அமெரிக்க கார்களுக்கானது. இந்தியாவில் 2025 முதல் விற்கப்படும் கார்கள் அதில் வராது. ஆனால் கேள்வி டெஸ்லாவோடு முடிவதில்லை. எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும், இப்படி ஒரு கோளாறு வந்தால் நம்மிடம் என்ன சட்டம் இருக்கிறது?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு ரீகால் பற்றியது. ஓட்டுநருக்கோ, பயணிக்கோ, சாலையில் போகும் மற்றவருக்கோ ஆபத்து தரும் குறைபாடு இருந்தால், வாகனங்களைத் திரும்பப் பெறும்படி உற்பத்தியாளருக்கு மத்திய அரசு உத்தரவிடலாம். குறிப்பிட்ட சதவீத உரிமையாளர்கள் புகார் அளித்தாலும், சோதனை அமைப்பு அறிக்கை கொடுத்தாலும், வேறு வழியில் தகவல் வந்தாலும் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தலாம். உற்பத்தியாளர் பணத்தைத் திருப்பித் தரவோ, வேறு வாகனம் தரவோ, பழுது நீக்கித் தரவோ வேண்டியிருக்கும். நிறுவனம் தானே முன்வந்து குறைபாட்டைச் சொல்லி ரீகால் செய்தால் அபராதம் இல்லை.

இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இது பொருந்தும். அரசு உத்தரவிட்டு நடக்கும் கட்டாய ரீகால் என்றால் 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். உரிமையாளர்கள் புகாரைப் பதிவு செய்ய 'வாகன்' தளத்தோடு இணைந்த இணைய வசதியும் இருக்கிறது.

சட்டம் இருக்கிறது. ஆனால், ஆண்டு விற்பனைக்கு ஏற்ப இத்தனை புகார் வேண்டும் என்ற கணக்கும் அதோடு இருக்கிறது. அந்த எண்ணிக்கை எப்போது சேரும்? இங்கே நம் பழக்கம் என்ன? கார் கோளாறு என்றால் ஷோரூமில் சண்டை, சமூக வலைதளத்தில் ஒரு வீடியோ, தெரிந்தவர் மூலம் மேனேஜருக்கு ஒரு போன். நம் வண்டி சரியானதும் விஷயம் முடிந்தது. அடுத்தவர் அதே கவுன்ட்டரில் அதே சண்டையை முதலிலிருந்து போடுகிறார். புகார் பதிவாகாத வரை, அரசின் கணக்கில் அப்படி ஒரு கோளாறே இல்லை.

ஸ்டியரிங் இறுகினால் என்ன செய்ய வேண்டும்?

ஓடும்போது ஸ்டியரிங் எச்சரிக்கை வந்தால், 'இப்ப நல்லாத்தானே திரும்புது' என்று அலட்சியம் வேண்டாம். இரண்டு கையாலும் இறுக்கமாகப் பிடியுங்கள். வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். கார் நின்றபிறகு உதவி போய்விடலாம் என்பதால், சந்திப்பின் நடுவிலோ வளைவிலோ நிறுத்தாமல், மறுபடி நகர்த்த அவசியமில்லாத ஓரமாகப் பார்த்து நிறுத்துங்கள். அதன்பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டாம். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஸ்கிரீனில் வந்த எச்சரிக்கையை உடனே போட்டோ எடுங்கள். தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர், சாஃப்ட்வேர் பதிப்பு எண் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். மறுநாள் அப்டேட் வந்தால் எச்சரிக்கை மறைந்துவிடலாம், ஆதாரமும் சேர்ந்தே போய்விடும்.

சர்வீஸ் சென்டரில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். ஜாப் கார்டில் உங்கள் புகார் நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். 'ஸ்டியரிங் இறுகி நின்றது' என்பது 'ஜெனரல் செக்கப்' ஆகிவிடக் கூடாது. எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். நிறுவனம் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

பழைய கார் வாங்குபவர்கள், ரேட் பேசும் முன் அந்த மாடலுக்கு ரீகால் வந்திருக்கிறதா, வந்திருந்தால் இந்தக் காரில் வேலை முடிந்ததா என்று நிறுவனத்தின் இணையதளத்தில் அடையாள எண்ணைப் போட்டுப் பாருங்கள். இந்திய வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாமின் தளத்திலும் நிறுவனங்கள் தாமாக முன்வந்து செய்த ரீகால் பட்டியல் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. உங்கள் காரை நீங்கள் சரிசெய்துகொண்ட பிறகும் புகாரைப் பதிவு செய்யுங்கள். அமெரிக்காவில் அந்த முதல் 12 பேர், '12 பேர் சொல்லி என்ன ஆகிடப் போகுது' என்று நினைத்திருந்தால், மீதி 3,76,229 கார்களின் உரிமையாளர்களுக்கு இப்படி ஒரு கோளாறு இருந்ததே தெரியாமல் போயிருக்கலாம்.